வீங்காத கால்

திருமயம் பக்கத்தில் ஒரு பையன் காய்ச்சலோடு வந்து சுருண்டு படுத்தால், வீட்டுப் பெரிய மனுஷி நெற்றியைத் தொட்டுப் பார்த்த கையோடு தொடையிடுக்கையும் அழுத்திப் பார்ப்பாள். அங்கே கொட்டைப்பாக்கு அளவுக்கு ஏதாவது திரண்டு, தொட்டதும் பையன் துள்ளினால் அவளுக்கு விஷயம் தெரிந்துவிடும். "நெறி கட்டியிருக்கு. கால்ல எங்கடா குத்துச்சு?"

"எங்கயும் இல்ல அப்பத்தா."

அப்பத்தா நம்பமாட்டாள். பாதத்தைத் திருப்பி, விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, கருவேல முள் முறிந்து நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிடுவாள். முள்ளை எடுத்து, மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டால் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கும், நெறியும் கரைந்துவிடும்.

இதில் உள்ள உடற்கூறு அறிவு லேசுப்பட்டதல்ல. பாதத்தில் நுழைந்த கிருமிக்கும் தொடையிடுக்கில் திரளும் கட்டிக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு பாதை இருக்கிறது என்பது அந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது. அந்தப் பாதைதான் நிணநீர் நாளம். திசுக்களில் கசியும் நீரைத் திரட்டி மேலே அனுப்புவது அதன் வேலை. வழியில் காவல் நிற்கும் கணுக்கள் கிருமியோடு சண்டையிடும்போது வீங்குகின்றன. அதைத்தான் நெறி கட்டுவது என்கிறோம்.

முள் குத்தினாலும் நெறி கட்டும், யானைக்கால் நோயின் தொடக்கத்திலும் நெறி கட்டும். இரண்டிலும் காய்ச்சல் உண்டு, குளிர் நடுக்கம் உண்டு. முள் காய்ச்சல் ஒரு தடவையோடு போய்விடும். மற்றது சில மாதம் கழித்துத் திரும்பி வரும், பிறகு மறுபடியும் வரும். ஒவ்வொரு தடவையும் கணுக்காலில் கொஞ்சம் வீக்கத்தை விட்டுவிட்டுப் போகும். முதலில் அந்த வீக்கம் காலையில் வற்றிவிடும். ஒருநாள் வற்றாமல் நின்றுவிடும். அந்த நாளில் நோய் தொடங்கியதாக நோயாளி நினைக்கிறார். மருத்துவர்களும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்தார்கள். நோய் உண்மையில் எப்போது தொடங்குகிறது என்ற தேடலில் ஒவ்வொரு தலைமுறையும் ஒரு 'முதல் அறிகுறி'யைக் கண்டுபிடித்தது. அடுத்த தலைமுறை அதற்கும் முந்தைய ஒன்றைக் காட்டியது.

பழைய வைத்திய நூல்களிலிருந்து தொடங்குவோம். சுசுருத சங்கிதை யானைக்காலைத் தனி நோயாகவே எண்ணி அதற்கு ஓர் அத்தியாயப் பகுதியை ஒதுக்குகிறது. பழைய தண்ணீர் தேங்கி நிற்கும், எல்லாப் பருவத்திலும் குளிர்ச்சியான நிலப்பகுதிகளில் இந்த நோய் அதிகம் என்கிறது. கொசுவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனாலும் தேங்கிய நீர் என்ற துப்பு சரியானது. ஓராண்டு கடந்து புற்றுப்போல் எழும்பிவிட்ட காலைத் தொட வேண்டாம், அது தீராது என்று வைத்தியனுக்கு எச்சரிக்கையும் உண்டு. நோய்க்கு ஒரு காலக்கெடு இருக்கிறது, அதற்குள் பிடித்தால்தான் உண்டு என்ற எண்ணம் அப்போதே இருந்திருக்கிறது.

அதைவிட என்னை நிறுத்திய இடம் மாதவ நிதானத்தில் வருகிறது. ஏழாம், எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் நூல் அது. நோயைக் கண்டறிவதற்கென்றே எழுதப்பட்டது, மருந்து சொல்லாது. காய்ச்சலோடும் கடும் வலியோடும் தொடையிடுக்கில் கிளம்பும் வீக்கம் படிப்படியாகப் பாதத்துக்கு இறங்கினால் அது யானைக்கால் என்று அது வரையறுக்கிறது. மேலிருந்து கீழே இறங்குகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். முள் குத்திய கிருமி கீழிருந்து மேலே போகும். நாளத்துக்குள் வாழும் யானைக்கால் புழு செத்தால் எரிச்சல் அது செத்த இடத்தில் தொடங்கிக் கீழ்நோக்கிச் சிவப்புக் கோடாக இறங்கும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று நவீன மருத்துவம் அழுத்திச் சொன்னது 1990களில்தான். பிரேசிலின் ரெசிஃபே நகரில் ஜெரூசா ட்ரேயரும் அவருடன் பணியாற்றியவர்களும் அதைத் தெளிவாக்கினார்கள். மாதவருக்குப் புழு தெரியாது. நோயாளியின் படுக்கையருகே உட்கார்ந்து வீக்கம் போகும் திசையைப் பார்த்த யாரோ ஒருவருடைய கண் அந்த வரியில் இருக்கிறது. எல்லாம் நம் முன்னோருக்குத் தெரியும் என்று மார்தட்டுகிறவர்களோடு சேர எனக்கு விருப்பமில்லை. இந்த ஒரு வரிக்கு மட்டும் தாராளமாகத் தலைவணங்கலாம்.

வெளியிலிருந்து வந்தவர்கள் காலை மட்டுமே பார்த்தார்கள். 1580களில் கோவாவில் வேலை பார்த்த டச்சுக்காரர் லின்ஸ்ஹோட்டன், மயிலாப்பூர்ப் பக்கம் முழங்காலுக்குக் கீழே யானையின் காலைப்போல் பருத்த மனிதர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். புனித தோமையாரைக் கொன்றவர்களின் வம்சத்துக்கு வந்த சாபம் அது என்று அந்நாளில் சொல்லப்பட்ட கதையையும் சேர்த்தே எழுதினார். சாபக்கதை ஒன்றைச் சரியாகக் கவனித்திருக்கிறது: நோய் குறிப்பிட்ட ஊரில், குறிப்பிட்ட குடும்பங்களில் குவிகிறது. ஒரே தெருவில், ஒரே கொசுக் கூட்டத்துக்கு நடுவே தலைமுறை தலைமுறையாகத் தூங்குகிறவர்களுக்கு வந்தால் அது வம்ச நோய்போலத்தான் தெரியும்.

திருமயத்திலிருந்து வடகிழக்கே போனால் சில மணி நேரத்தில் தஞ்சாவூர், கும்பகோணம் வந்துவிடும். யானைக்கால் என்றதும் தமிழ்நாட்டில் வாய்க்கு வரும் ஊர்ப்பெயர் கும்பகோணம். காவிரிப் பாசனம், தேங்கிய சாக்கடை, நெருக்கமான வீடுகள் என்று பார்த்தால், தேங்கிய நீர் என்று சுசுருதர் சொன்ன அடையாளம் பொருந்தும். திருமயம் வேறு நிலம். பாறையும் செம்மண்ணும், மழை பெய்தால் நிறையும் கண்மாயும், குடிக்க ஊருணியும். இங்கே ஒரு முரண் உண்டு. தமிழ்நாட்டின் இப்படிப்பட்ட வறண்ட பகுதிகளை வாட்டிய இன்னொரு ஒட்டுண்ணி நரம்புச் சிலந்தி. அதன் குஞ்சுப் புழு நல்ல தண்ணீரில் வாழும் சைக்ளோப்ஸ் என்ற மிகச் சிறிய உயிரிக்குள் வளரும். சைக்ளோப்ஸ் கலந்த தண்ணீரைக் குடித்து ஓராண்டு கழித்துக் காலில் கொப்புளம் வெடித்து முழ நீளப் புழு தலைநீட்டும். 1980களின் தொடக்கத்திலேயே தமிழ்நாடு அதிலிருந்து விடுபட்டது. இந்தியாவின் கடைசி நோயாளி 1996இல் ராஜஸ்தானில் கண்டறியப்பட்டார். யானைக்காலைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசுவுக்கு ஊருணியின் நல்ல தண்ணீர் அவ்வளவாகப் பிடிக்காது. அதற்கு வேண்டியது சாக்கடையும் மூடாத கழிவுத் தொட்டியும். குடிநீர்க் குழாய் வந்து ஊருணியை மறந்த ஊர் நரம்புச் சிலந்தியிலிருந்து தப்பியது. குழாய்த் தண்ணீர் வெளியேற வடிகால் கட்டாத ஊர் க்யூலெக்ஸுக்குத் தொட்டில் கட்டிக் கொடுத்தது.

புழு முதலில் கண்ணில் பட்டது கால் வீங்கியவர்களிடம் அல்ல. 1863இல் பாரிஸில் டெமார்க்கே என்ற அறுவை மருத்துவர், கியூபாவிலிருந்து வந்த ஒருவரின் விரைவீக்க நீரில் நெளியும் நுண்புழுக்களைக் கண்டார். 1866இல் பிரேசிலில் வூகரர், பால்போல் வெளுத்த சிறுநீரில் அதே புழுவைப் பார்த்தார். கல்கத்தாவில் ராணுவ மருத்துவராக இருந்த டிமோதி லூயிஸ் 1870இல் அப்படிப்பட்ட சிறுநீரிலேயே தொடங்கி, 1872இல் ரத்தத்திலும் அதைக் கண்டார். வயிற்றுப்போக்கோடு வந்த ஓர் இந்தியரின் ரத்தம் அது. யானைக்கால் அவருக்கு இல்லை. ஒரு மில்லிமீட்டரில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதலான நீளம், மெல்லிய உறை ஒன்றுக்குள் முன்னும் பின்னும் அசைவு. இவை குஞ்சுகள். தாய்ப்புழுவை 1876 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஜோசப் பாங்க்ராப்ட் ஒரு கைக்கட்டியிலிருந்து எடுத்தார். பெண் புழு எட்டு, பத்து சென்டிமீட்டர் நீளமிருக்கும், தலைமுடிபோல் மெலிந்திருக்கும். நிணநீர் நாளத்துக்குள் சில ஆண்டுகள் குடியிருந்து லட்சக்கணக்கில் குஞ்சு பொரிக்கும்.

லூயிஸ் பார்த்ததன் பொருள் அப்போது முழுதாகப் புரியவில்லை. கால் வீங்காத, காய்ச்சல் வராத மனிதனின் ரத்தத்தில் புழு இருக்கிறது என்றால் நெறியும் காய்ச்சலும் முதல் அறிகுறியே அல்ல என்றாகிறது. அவற்றுக்கு முன்பே ரத்தம் சொல்லிவிடுகிறது.

ஆனால் ரத்தம் எல்லா நேரமும் சொல்வதில்லை. சீனாவின் ஷியாமென் துறைமுகத்தில் சுங்கத்துறை மருத்துவராக இருந்த பாட்ரிக் மேன்சன் இதில் தடுக்கிய கதை சுவையானது. நோயாளிகளின் ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்க்க அவருக்கு இரண்டு உதவியாளர்கள் இருந்தார்கள். ஒருவருடைய கணக்கில் புழு அதிகம், மற்றவருடையதில் குறைவு. யாரோ சோம்பேறித்தனம் செய்கிறார்கள் என்று எந்த மேலதிகாரியும் நினைத்திருப்பார். ஒருவர் பகலில் பார்க்கிறார், மற்றவர் இரவில் பார்க்கிறார் என்பதுதான் வித்தியாசம். சில மணி நேரத்துக்கு ஒரு முறை ரத்தம் எடுத்து எண்ணியபோது ஒழுங்கு தெரிந்தது. பொழுது சாய்ந்ததும் குஞ்சுப் புழுக்கள் வெளிவரத் தொடங்குகின்றன, நள்ளிரவை ஒட்டி உச்சத்துக்குப் போகின்றன, விடிந்தால் மறைகின்றன. பகலில் அவை நுரையீரலின் நுண்குழாய்களில் தங்குகின்றன என்பதை மேன்சன் பின்னாளில் ஒரு பிரேதப் பரிசோதனையில் கண்டார். 1880களின் தொடக்கத்தில் லண்டனில் ஸ்டீபன் மெக்கன்சி, ஒரு நோயாளியைப் பகலில் தூங்கவும் இரவில் விழித்திருக்கவும் வைத்தார். சில நாளில் புழுக்களும் நேரத்தை மாற்றிக்கொண்டன.

க்யூலெக்ஸ் கடிப்பதும் இரவில்தான். புழு தன் வண்டி வரும் நேரம் பார்த்து வாசலுக்கு வருகிறது. 1877இல் மேன்சன் ஹின் லோ என்ற தன் தோட்டக்காரரைக் கொசு விட்ட அறையில் தூங்க வைத்து, ரத்தம் குடித்த கொசுக்களைப் பிடித்துப் பிளந்து பார்த்தார். கொசுவின் வயிற்றில் புழு சாகவில்லை. உறையைக் கழற்றிவிட்டு மார்புத் தசைக்குள் போய் வளர்ந்தது. ஒரு பூச்சி நோய்ப்புழுவை வளர்க்கிறது என்று முதன்முதலாகக் காட்டிய பரிசோதனை அது. அந்தத் தோட்டக்காரர் எவ்வளவு தூரம் விரும்பிப் படுத்தார் என்பதை இன்றைய வாசகர் கேட்கத்தான் வேண்டும். மேன்சன் அடுத்த அடியில் தவறினார். கொசு தண்ணீரில் விழுந்து செத்து, அதைக் குடிக்கிறவருக்கு நோய் வருகிறது என்று நம்பினார். 1900இல் லண்டனில் ஜார்ஜ் லோவும் திருவிதாங்கூரில் எஸ். பி. ஜேம்ஸும் கொசுவின் வாய் உறிஞ்சிக்குள்ளேயே புழு காத்திருப்பதைக் காட்டினார்கள். கடிதான் வழி என்று அப்போது உறுதியானது.

புழு ராத்திரிதான் வெளியே வரும் என்ற அறிவு மேன்சனோடு நூலகத்துக்குள் அடங்கவில்லை. 1955இல் இந்தியா தேசிய யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியதும் அது தெருவுக்கு வந்தது. சாப்பாட்டு நேரம் முடிந்து, இரவு எட்டரை மணிக்குமேல் சுகாதாரப் பணியாளர் டார்ச் லைட்டும் ஸ்லைடு பெட்டியுமாகக் கதவைத் தட்டுவார். தூக்கக் கலக்கத்தில் கதவைத் திறப்பவர் சொல்வது எந்த ஊரிலும் ஒன்றுதான். "எனக்குத்தான் ஒண்ணுமில்லையே தம்பி. கால் வீங்கினவங்க வீட்டுக்குப் போங்க."

"ஒரு சொட்டு போதும்ணே. கைய நீட்டுங்க."

விரலைப் பஞ்சால் துடைத்து, ஊசியால் குத்தி, 20 கனமில்லிமீட்டர் ரத்தத்தைக் கண்ணாடியில் தடித்த பூச்சாகப் பரப்புவார். அது காய வேண்டும். எறும்பு நக்காமல் பெட்டிக்குள் வைக்க வேண்டும். மறுநாள் ஆய்வகத்தில் தண்ணீரில் அமிழ்த்திச் சிவப்பு நிறம் போனபின் சாயம் ஏற்றினால், வெளிறிய பின்னணியில் நீல ஊதாச் சுருளாகப் புழு நிற்கும். உறையின் இரு முனையும் உடலைத் தாண்டி நீண்டிருக்கிறதா, வால் நுனி வரை அணுக்கள் போகின்றனவா என்று பார்ப்பார்கள். நம் பக்கத்துப் பாங்க்ராப்ட் வகைக்கு வால் நுனியில் அணுக்கள் இருக்காது. கேரளத்தின் சேர்த்தலைப் பக்கத்து மலாய் வகைக்கு இருக்கும்.

வாசலில் நின்று அந்த மனிதர் சொன்னது நியாயமாகத்தான் படும். ஆனால் உண்மை தலைகீழாக இருக்கிறது. யானைக்கால் முற்றியவருடைய ரத்தத்தில் பெரும்பாலும் புழு இருக்காது. தாய்ப்புழு செத்துப்போயிருக்கும், நாளம் மட்டும் கெட்டுப்போய் நிற்கும். கொசுவுக்குப் புழுவைக் கொடுத்து ஊர் முழுக்கப் பரப்புகிறவர் 'எனக்கு ஒண்ணுமில்ல' என்று சொல்கிற அந்த ஆரோக்கியமான மனிதர்தான். கால் வீங்கியவரைக் கண்டு ஒதுங்கிப்போகும் ஊர் வழக்கத்துக்கு மருத்துவக் காரணம் ஒன்றுகூட இல்லை. பெண் பார்க்கும் சடங்கில் புடவைக் கரையைத் தூக்கச் சொல்லிக் கணுக்காலைப் பார்த்த வீடுகளைப் பற்றிப் பழையவர்கள் சொல்வார்கள். அவர்கள் மாப்பிள்ளையின் ரத்தத்தை நள்ளிரவில் எடுத்துப் பார்த்திருந்தால் அர்த்தம் இருந்திருக்கும்.

இரவுப் பரிசோதனைக்கு ஒரு குறுக்குவழியும் கிடைத்தது. 1947இல் புழுக்கொல்லியாக அறிமுகமான டி.இ.சி. மருந்தைப் பகலில் ஒரு மாத்திரை கொடுத்தால், ஒளிந்திருக்கும் குஞ்சுகள் கொஞ்ச நேரத்துக்கு வெளியே ஓடிவரும். அரை மணி, முக்கால் மணியில் ரத்தம் எடுத்துவிடலாம். 1990களில் வந்த அட்டைப் பரிசோதனை இன்னும் எளிது. புழுவைத் தேடாமல், தாய்ப்புழு ரத்தத்தில் கசியவிடும் புரதத்தைத் தேடுகிறது. பகலில் எடுத்த ஒரு சொட்டிலேயே சில நிமிடத்தில் கோடு விழும். குஞ்சு வெளிவராத கட்டத்திலும் அது காட்டிக்கொடுக்கும்.

அதே காலத்தில் ரெசிஃபே மருத்துவர்கள், அறிகுறி எதுவும் இல்லாத ஆண்களின் விரைப்பையை அல்ட்ராசவுண்டில் பார்த்தபோது நிணநீர் நாளத்துக்குள் உயிருள்ள புழு ஓயாமல் நெளிவதைக் கண்டார்கள். 'ஃபைலேரியா நடனம்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பெயர் அழகு, சேதி அழகல்ல. புழு இருந்த இடத்தில் நாளம் விரிந்து, நீரைத் திரும்ப விடாமல் தடுக்கும் அடைப்பிதழ்கள் பொருந்தாமல் போயிருந்தன. நோயாளிக்கு வலி இல்லை, வீக்கம் இல்லை, சேதம் மட்டும் நடந்து முடிந்திருந்தது.

கடைசி அதிர்ச்சி நமக்குப் பக்கத்திலிருந்தே வந்தது. ஆலப்புழையின் டி.டி. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஆர். கே. ஷெனாயும் குழுவினரும் புழுத் தொற்று உள்ள குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். கால் விரல் இடுக்கில் மிகச் சிறிய அளவு கதிரியக்கப் பொருளைச் செலுத்தி, அது நிணநீர் நாளத்தில் ஏறிப்போவதைக் கேமராவில் படம் பிடித்தார்கள். பார்வைக்குக் குறையே இல்லாத பல பிள்ளைகளின் நாளங்கள் ஏற்கெனவே விரிந்து பழுதாகியிருந்தன. 2000களின் பிற்பகுதியில் வெளிவந்த அந்த ஆய்வுகள், முப்பது நாற்பது வயதில் கால் வீங்கும் நோய்க்குப் பள்ளிக்கூடப் பருவத்திலேயே அடித்தளம் விழுந்துவிடுகிறது என்று காட்டின. நல்ல சேதியும் அவற்றிலேயே இருந்தது. டி.இ.சி.யும் ஆல்பெண்டசோலும் கொடுத்துத் தொடர்ந்து பார்த்தபோது அந்தப் பழுதில் ஒரு பகுதி சீரானது. நாற்பது வயதில் திரும்பாத கால் எட்டு வயதில் திரும்பும்.

நோயாளியே உணரக்கூடிய 'முதல் அறிகுறி' இந்த நோய்க்கு இல்லை என்பதே இத்தனை தேடலின் முடிவு. அதனால்தான் பரிசோதனை செய்யாமல் ஊரில் எல்லோருக்கும் ஆண்டுக்கு ஒரு முறை மாத்திரை கொடுக்கும் உத்திக்கு உலகம் வந்தது. தமிழ்நாட்டில் 1990களின் பிற்பகுதியில் கடலூர் மாவட்டத்தில் தொடங்கி, 2004இலிருந்து நாடெங்கும் நோயுள்ள மாவட்டங்களில் இது நடந்தது. மாத்திரை குஞ்சுகளைக் கொன்றுவிடும். தாய்ப்புழுவுக்கு ஆயுள் கெட்டி. அது மூப்படைந்து சாகும் வரை ஆண்டுதோறும் கொடுத்தாக வேண்டும். இலங்கை இந்த வழியிலேயே போய் 2016இல் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில் நோயை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது. இந்தியா 2018இலிருந்து ஐவர்மெக்டினையும் சேர்த்து மூன்று மருந்தாகக் கொடுக்கத் தொடங்கியும் இன்னும் கரை சேரவில்லை.

மாத்திரை போட்டதும் சிலருக்குக் காய்ச்சலும் தலைசுற்றலும் வரும். நன்றாக இருந்தவனுக்கு மாத்திரையால் காய்ச்சல் வந்தது என்ற பேச்சு ஒரு தெருவில் கிளம்பினால் அடுத்த தெருவில் மாத்திரைகள் குப்பைக்குப் போகும். பெரும்பாலும் அந்தக் காய்ச்சல், ரத்தத்தில் கூட்டமாகச் சாகும் புழுக்களால் வருவது. அவருக்குத் தொற்று இருந்தது என்பதற்கு அதுவே அத்தாட்சி. மாத்திரை கொடுக்க வருகிறவர் இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதி சண்டை தீரும். பல இடங்களில் சொல்வதில்லை.

இதைப் படிப்பவருக்குச் சில காரியங்கள் சொல்ல வேண்டும். குளிர்காய்ச்சலும் தொடையிடுக்கு நெறியும் காயம் எதுவும் இல்லாமல் வந்தால், அல்லது ஒரே காலில் திரும்பத் திரும்ப வந்தால், பற்றுப் போட்டுக் காத்திருக்காதீர்கள். அரசு மருத்துவமனைக்குப் போய் யானைக்கால் பரிசோதனை வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். அட்டைப் பரிசோதனை அங்கே இல்லையென்றால் இரவு ரத்தம் எடுக்கும் ஏற்பாட்டைக் கேளுங்கள். மருந்து அங்கே இலவசம். ஏற்கெனவே கால் வீங்கியவர் வீட்டில் இருந்தால், அந்தக் காலைத் தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்குகளை ஈரம் இல்லாமல் துடைத்து, வெடிப்புக்கு மருந்து போடுங்கள். அடிக்கடி வரும் காய்ச்சலில் பெரும்பாலானவை அந்த வெடிப்பு வழியாக நுழையும் பாக்டீரியாவால் வருபவை. அவற்றைத் தடுத்தாலே வீக்கம் கூடுவது பெருமளவு குறையும்.

வீடு தேடி வந்து மாத்திரை கொடுத்தால் அவர் கண்முன்னே விழுங்கிவிடுங்கள். கர்ப்பிணிகள், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள், கடும் நோயில் படுத்திருப்பவர்கள் மட்டும் விலக்கு. எனக்கு ஒன்றுமில்லை என்பது விலக்குக்குக் காரணம் ஆகாது.